பேரிங் வளையத்துச் சீமை ரொட்டி

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி படம் போட்டிருந்தாள். அவள் இப்போது லண்டனில் மகன் வீட்டில் இருக்கிறாள். தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு தடித்த ரொட்டி. மேலெல்லாம் ஓட்டை. ஓட்டைக்குள் வெண்ணெய் தேங்கி நிற்கிறது. ‘கிரம்பெட்டாம்டி, நம்ம ஆப்பத்துக்குச் சித்தி மகள் மாதிரி இருக்கு, எவ்வளவு அழகு பாருங்க’ என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் எல்லாரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். நான் வாந்தி எடுக்கிற பொம்மையைப் போட்டேன். ‘வயசாக ஆக இவளுக்கு வாய்க்கொழுப்பு’ என்றாள் ஒருத்தி. ‘சாப்பிட்டுப் பார்க்காமல் சொல்லக் கூடாது’ என்றாள் இன்னொருத்தி.

சாப்பிட்டுப் பார்க்காமலா? அடி தாயே, நீங்கள் யாரும் அந்தப் பெயரைக் காதால் கேட்பதற்கு முன்னாலேயே, கோடை தொடங்கி ஆவணி வரைக்கும் அதைத் தின்று தொலைத்தவள் நான். இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் நாக்குக்கு அடியில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் இதயம் போடுங்கள்.

நாமக்கல்லில் எங்கள் அப்பாவின் லாரிப் பட்டறை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் எந்தப் பொருளை எடுத்தாலும் கிரீஸ் வாசம் அடிக்கும். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதில் அவளுக்குப் பெரியம்மை போட்டிருந்தது. உயிர் தப்பியதே மாரியம்மன் புண்ணியம் என்பார்கள். ஆனால் நெற்றியிலிருந்து தாடை வரை குழி குழியாக விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதை யாரும் தழும்பு என்று சொல்ல மாட்டார்கள். ‘அம்மா வந்துபோன மொகம்’ என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்குத் தழும்பென்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அத்தை அழுதுவடியும் ஆள் அல்ல. நன்றாகச் சிரிப்பாள். அக்கம்பக்கத்து ஆட்கள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது பேன் பார்க்கிறேன் என்று வாரப் பத்திரிகைத் தொடர்கதை முழுவதையும் ஒப்பித்துவிடுவாள். ஆனால் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியையும் வாழைக்காய் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டு, “ஊட்டுக்குப் போய்ப் பெரியவிய கிட்டக் கலந்துக்கிட்டுச் சொல்லி உடறோமுங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். சொல்லிவிட்டவர் ஒருத்தரும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அம்மாவின் அண்ணன், என் மாமா, சீமையிலிருந்து வந்து இறங்கினார். கப்பலில் சமையல் எடுபிடியாகப் போனவர் அங்கேயே லண்டனில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் நுழைந்துவிட்டார். நாமக்கல் வெயிலில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார் மனுஷர். கோட்டில் பூச்சி உருண்டை வாசமும் வியர்வை வாசமும் கலந்து அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் கண் எரியும். அதைக் கழற்றச் சொன்னால், “அங்கெல்லாம் கோட்டில்லாம ஊட்ட உட்டு வெளிய வரமாட்டாங்க” என்பார். அங்கெல்லாம், அங்கெல்லாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

அவர் கொண்டுவந்தது இரண்டு. ஒன்று, மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ட் பொடி அடைத்த டப்பா. இன்னொன்று, அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு மல்லசமுத்திரம் பக்கம் சொந்த ஊர். பர்மிங்காமில் இரும்பு ஆலையில் வேலை. ஆவணியில் லீவில் வருகிறான், வந்த கையோடு கல்யாணம் பண்ணிக்கொண்டு போக வேண்டும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா மட்டும் தயங்கினார். “மொகத்தப் பத்திச் சொல்லிப்போட்டீங்களா மச்சான்?” என்று கேட்டார்.

“அதெல்லாம் மெதுவாச் சொல்லிக்கலாமுங்க மாப்பள. மொதல்ல நாக்கப் புடிக்கோணும். அவன் அங்கயே கெடந்து அந்த ஊர்க்காரனாவே ஆயிட்டான். அங்கெல்லாம் சாயங்காலம் டீங்கறது வெறும் டீ இல்லீங்க. அது ஒரு வேளைச் சோறு. அதுக்குக் கிரம்பெட்டு இருக்கோணும். ராசா ஊட்லயும் அதுதான், கரிவாருற கூலிக்காரன் ஊட்லயும் அதுதான். நம்ம புள்ள கையால சூடாக் கிரம்பெட்டுப் போட்டுக் குடுத்துச்சுன்னா, அவன் தட்டப் பாப்பானா, மூஞ்சியப் பாப்பானா?”

அத்தை அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் இல்லாத மாதிரியே பேசினார்கள். “அதுவுஞ் செரிதான்” என்றார் அப்பா. எவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கசப்பு மாறவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. மாவு பரவாமல் நிற்க இரும்பு வளையம் வேண்டுமாம். மாமா அதைக் கொண்டுவரவில்லை. அப்பாவுக்கா வளையத்துக்குப் பஞ்சம்? பட்டறையில் லாரிச் சக்கரத்துப் பழைய பேரிங் மலை மாதிரி கிடந்தது. அதன் வெளி வளையத்தைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புளி போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் கொதிக்கவைத்து, பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதை விரலால் சுண்டிப் பார்த்து, “எங்க கம்பெனிலகூட இப்பிடி உருண்டையா ஒரு வளையம் இல்லீங்க” என்றார். எத்தனை லாரி, எத்தனை ஊர்ச் சாணியும் சேறும், எத்தனை வருஷத்துக் கிரீஸ்! புளிக்குப் போகுமா அது? தோசைக்கல் காய்ந்ததும் வளையத்தின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு நீர் கசிந்து மாவில் இறங்கும். மாமா அதை மட்டும் கரண்டியால் வழித்துவிட்டு மேலே மாவை ஊற்றிக் காட்டுவார்.

மைதா, பால், ஈஸ்ட், உப்பு, கடைசியில் ஒரு சிட்டிகை சோடா உப்பு. பானையில் கரைத்து மூடிவைத்தால், நாமக்கல் சூட்டுக்கு அது சும்மா இருக்குமா? பொங்கி வழிந்து, நுரைத்து, கொழகொழவென்று அடுப்படித் தரையெல்லாம் ஒழுகும். ஈ மொய்க்கும். வீடு முழுக்கக் கள்ளு வாடை. மதுவிலக்கு இருந்த காலம் அது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து மூக்கை உறிஞ்சி, “ஏனுங்க, உங்கூட்டுல என்னமோ எறக்கறாங்களாட்ட இருக்குதுங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மாவுக்கு மானம் போயிற்று. ‘கிரம்பெட்’ அவள் வாயில் நுழையவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு அது ‘கருமப்பெட்டி’.

“இன்னைக்கும் அந்தக் கருமப்பெட்டிதானுங்களா அண்ணா?” என்பாள் மாமாவிடம். அத்தைக்குச் சிரிப்பு தாங்காது. முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

ருசியைக் கேட்கிறீர்களா? அடிப்பக்கம் பழுப்பாகத் தீய்ந்திருக்கும். மேல்பக்கம் வேகாத வெளுப்பு. நடுவில் ஈரம். பல்லால் கடித்தால் பல்லோடு இழுபடும். சைக்கிள் டியூபைப் பாலில் நனைத்துத் தின்றமாதிரி இருக்கும். மென்றால் மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான், விழுங்குகிற பதம் வரவே வராது. விழுங்கினால் பின்னாலேயே புளித்த ஏப்பம். அந்த ஏப்பத்தில் கிரீஸ். அந்த ஓட்டைகளைப் பார்க்கவே எனக்கு உடம்பு கூசும். இரண்டு மூன்று நாள் கிடந்த ரொட்டியில் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். எறும்புகூட அதைச் சுற்றிக்கொண்டு போனது. மாமாவோ எங்களைப் பார்த்து, “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்பார். பட்டறை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். ஒருத்தர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் நாய்க்குப் போட்டார். நாய் முகர்ந்துவிட்டு அக்கட்டால் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

இதோடு விட்டிருந்தால் சரி, ஒரு பண்டம் நன்றாக இல்லை, அவ்வளவுதானே என்று நானும் மறந்திருப்பேன். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குத் தாங்காதது.

அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பொங்குகிற மாவு எதையும் உப்பவைக்கும் அல்லவா? பானையில் மிஞ்சுகிற புளித்த மாவை அத்தை முகத்தில் பூசினால் குழியெல்லாம் உப்பி மேலே வந்துவிடும் என்றாள். மாமா தலையை ஆட்டினார். “ஈஸ்ட்டுங்கறது உசுருள்ள சாமானாக்கும்” என்றார். அப்பா, “ஆவணி வரைக்கும் நாள் கெடக்குதல்ல, பூசிப் பாக்கறது” என்றார். தினமும் விளக்கு வைத்த பிறகு அத்தையை அடுப்படிச் சுவரோரம் உட்காரவைத்து, கரண்டியால் மாவை அள்ளி அம்மா அப்புவாள். மாவு தாடையிலிருந்து கழுத்துக்கு ஒழுகும். ஈ வந்து உட்காரும். காய்ந்தால் தோல் இழுக்கும். அது நுரைத்து முகத்தின்மேலேயே முட்டை முட்டையாகக் கொப்புளித்து உடைவதை நான் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலையில் கல்லில் பார்த்த அதே கொப்புளம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “கல்லுல ஊத்துனா ஓட்டை போடுற மாவு, மூஞ்சில பூசுனா மட்டும் எப்பிடிம்மா ஓட்டைய அடைக்கும்?” என்று கேட்டேன். பளாரென்று ஒன்று விழுந்தது. அத்தை மட்டும் அந்த மாவுக்குள்ளிருந்தே சிரித்தாள். மாவு விரிந்து பிளந்தது. “கேக்கறது நாயமாத்தான் இருக்குது, வாத்தியாரம்மாவ ஏன் அடிக்கறீங்க?” என்றாள். சிரிக்காதே, மாவு உதிருது என்று அவளுக்கும் திட்டு விழுந்தது. நாளாக ஆக அவள் கன்னத்தில் சிவப்பாகத் தடித்து நமைச்சல் எடுத்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறுபடியும் மாவைப் பூசினார்கள். சீ! பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் பிரியத்தின் பேரில் செய்கிற கொடுமைக்கு ஒரு அளவே கிடையாது.

ஆவணியில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, உறவில் பெரியவர்கள் சிலர். மாமா மாதிரி கோட்டுப் போட்ட கோமாளியாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, மல்லசமுத்திரத்துப் பேச்சு கொஞ்சமும் மாறாமல் பேசினான். அத்தைக்கு முகத்தில் பவுடரைக் குழைத்துச் சுவருக்குப் பூசுவது மாதிரி பூசியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் அவளும் நானும் நின்றோம். சந்து வழியாக அவள் அவனைப் பார்த்தாள். எனக்கு இடம் விடவே இல்லை.

மாமா தட்டை நீட்டினார். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் திகைத்தான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அமுக்கினான்.

“இது இன்னும் சுடலீங்களே?” என்றான்.

“இப்பத்தானுங்க கல்லுல இருந்து எடுத்தது” என்றார் மாமா.

“இல்லீங்க. இது பாதி வெந்ததுங்க. இதக் கடையில வாங்கியாந்து, ஊட்டுல மறுக்கா நெருப்புல வாட்டித்தான் திம்பாங்க. ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு ஆகோணும். அப்புறந்தான் வெண்ணெய் வைக்கறது. பச்சையா ஆருங்க திம்பா?”

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. ரொட்டிக் கம்பெனியில் இயந்திரத்திலிருந்து வந்து விழுகிற அரைவேக்காட்டை அப்படியே எடுத்துத் தின்று பசியாற்றியிருக்கிறார் மாமா. அதை வாங்கிப் போகிற ஜனங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. பாதிச் சமையலைத்தான் முழுச் சீமையென்று எங்களுக்கு ஊட்டியிருக்கிறார். அந்த மனுஷர் முகம் அன்றைக்குப் போன போக்கை நினைத்தால் அவர்மேலிருக்கும் கோபம்கூட எனக்குக் கொஞ்சம் குறையும்.

மாப்பிள்ளை அவரைச் சங்கடப்படுத்த நினைக்கவில்லை. சமாளிப்பதற்காகவோ என்னவோ, சொல்லிக்கொண்டே போனான். குளிர்காலத்தில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் விரல் மடங்காதாம். குளிர்காய வைத்திருக்கிற கேஸ் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முள்கரண்டியில் இதைக் குத்தி வாட்டுவானாம். வெண்ணெய் ஓட்டை வழியாக இறங்கி முழங்கை வரை வழியுமாம். “நக்கிக்கிட்டே திம்பனுங்க. பாக்கறதுக்கு ஆரு இருக்கறா?” என்றான். கதவுக்குப் பின்னால் அத்தை சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவன் தலை நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்துத் தானும் சிரித்தான். கொஞ்ச நேரம் வீடே நன்றாக இருந்தது.

அத்தையைக் கூப்பிட்டார்கள். காபித் தட்டோடு போய் நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வியர்வையில் பவுடர் விரிந்து, குழிகளுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தாள். தன் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

“ஏனுங்க, பொண்ணுக்கு வந்த அம்மை பலகாரத்துக்கும் வந்திருக்குதாட்டத் தெரியுதுங்க!”

சிரித்தார்கள். அந்தப் பெரியவர்கள் சிரித்தார்கள். மாமா சிரித்தார். எங்கள் அம்மா அசடு வழியச் சிரித்தாள். அப்பாவும், சொந்தத் தங்கையை வைத்துக்கொண்டு, சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் காட்டினார். இன்றைக்கும் அந்த ரொட்டிப் படத்தைப் பார்த்தால் என் காதில் விழுவது அந்தச் சிரிப்புத்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, பெரிய மனசு பண்ணுகிற குரலில் சொன்னான்.

“எனக்குச் சம்மதமுங்க. அங்க எந்நேரமும் மூட்டமாத்தான் இருக்கும். குளுருக்கு எல்லாரும் மூஞ்சியச் சுத்தி மூடிக்கிட்டுத்தான் போவாங்க. ஆரு பாக்கப்போறா? சமையக்கட்டுக்கு ஒரு ஆளு இருந்தாப் போதுமுங்க.”

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பா எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். புழக்கடையில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். பவுடர் ஒரு பொட்டு இல்லை. முகத்திலிருந்து தண்ணீர் ரவிக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாவு தின்ற கன்னம் சிவந்திருந்தது. நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

“ஏனுங்க, இப்பப் பாருங்க. பாத்துப்போட்டுச் சொல்லுங்க.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்களத்தானுங்க.”

அவன் தட்டிலிருந்த ரொட்டியை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை கொஞ்சம் நின்று பார்த்தாள். அப்புறம் குரல் உயராமல் சொன்னாள்.

“மூஞ்சியப் பாக்க முடியாதவிய ஊட்டுக்கு நா வரலீங்க. எந்திரிச்சுப் போங்க.”

அவர்கள் போன பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. “உனக்கு இருக்கற மூஞ்சிக்கு இத்தனை திமிரா?” என்று கேட்டவர் அப்பா. மாமா அன்றைக்குச் சாயங்காலமே கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அம்மா மாவுப் பானையைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். தீபாவளி வரை அத்தையோடு அப்பா பேசவில்லை. ‘கையில வந்து உழுந்ததத் தட்டி உட்டவ’ என்று உறவெல்லாம் பேர் வைத்தது. அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. பட்டறையை ஒட்டி அப்பா உதிரி சாமான் கடை போட்டபோது அத்தை அதில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காமல் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் காலத்தில் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். இந்தக் கதையை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். ஒருநாள் என் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “எங்க அத்தைக்கு அந்த ஆளப் பாத்ததுமே அருவருப்பு. மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லி அனுப்பிட்டாங்க” என்றேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தை திரும்பினாள்.

“ஆரு சொன்னா உனக்கு, அருவருப்புன்னு?”

நான் பேத்தியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“எனக்கு அவனப் புடிச்சிருந்துச்சு சாமி. கதவுச் சந்துல பாத்தப்பவே புடிச்சிருந்துச்சு. முழங்கையில வழியறத நக்கித் திம்பேன்னு சொன்னான் பாரு, அப்பவே நா அவங்கூடக் கெளம்பறதுக்கு மனசுக்குள்ள மூட்டை கட்டிப்போட்டேன்.” மூச்சு வாங்கியது. பேத்தி தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“ஒருக்காத் தலையத் தூக்கிப் பாத்திருந்தான்னா போயிருப்பேன்.”